ஆறு தௌ

டோக்கன் நாப்பத்தி மூணு. செவுத்துப் பலகையில இருபத்தொம்போதுன்னு செவப்பா எரியுது, அரை மணி நேரமா அதே இருபத்தொம்போதுதான், உள்ள போன மனுசன் டாக்டர்கிட்டக் கல்யாண விசயம் பேசிட்டிருக்கறானோ என்னமோ, பேசட்டும், எனக்கொண்ணும் அவசரமில்லை. மடியில மஞ்சக் கவரு. அதுக்குள்ள என்ற இடுப்பு. செத்த முன்னாடிதான் ஜில்லுன்னு ஒரு மேசையில படுக்க வெச்சு, மூச்சைப் புடிங்க, விடுங்கன்னு சொல்லிப் படம் எடுத்துக் கையில குடுத்தாங்க. ஜன்னலுக்கு நேராத் தூக்கிப் புடிச்சா ஒரு நிமிசத்துல தெரிஞ்சு போயிரும், தொடைக்குள்ள எறக்கியிருக்கற தண்டைச் சுத்தி அந்தக் கறுப்புக் கோடு போயிருச்சா, அப்படியே இருக்குதா, பெருசாயிருச்சா. முப்பத்தஞ்சு வருசம் பம்புசெட்டுப் பட்டறையில பிட்டரா இருந்தவன் நான், எது இறுக்கம் எது லூஸுன்னு எனக்கு இன்னொருத்தரு சொல்லோணுமா. ஆனாலும் பிரிக்க மாட்டேன். பக்கத்துல பூங்கொடி உக்காந்திருக்கறா. மடியில தண்ணி பாட்டிலு, அதுக்கு மேல என்ற ஸ்வெட்டரு, உங்களுக்கு ஏசி ஆகாதுங்கன்னு வூட்டுல இருந்தே மடிச்சு எடுத்தாந்தது. நல்ல பொம்பளை. முப்பத்தியொரு வருசமா நல்ல பொம்பளை. இப்ப அவ போன் அடிக்குது. பாத்துட்டேன், பாக்கக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே பாத்துட்டேன், ‘மச்சான்’னு எரியுது. மச்சானுக்கு மச்சான்னு போட்டிருக்கறா, எனக்கு என்ற பேரைப் போட்டிருக்கறா, அதுவும் இனிசியலோட, எஸ். ஆறுச்சாமி, கேஸ்காரன் பேரைப் போட்டு வெச்ச மாதிரி. எதுக்கு இனிசியலு, அவளுக்கு எத்தனை ஆறுச்சாமி தெரியும். ‘இங்க சிக்னல் கெடைக்கலைங்க’ன்னு சொல்லி எந்திரிச்சு அந்தக் கடைசி ஜன்னல்கிட்டப் போயிட்டா. என்ற போனை எடுத்துப் பாத்தேன். நாலு கோடும் முழுசா இருக்குது.

மச்சான்னா நாச்சிமுத்து. பூங்கொடிக்குத் தாய்மாமன் மகன், சூலூருக்கு அக்கட்டால தென்னந்தோப்பு, வயசு அறுபத்தேழு, எனக்கு ஒம்போது வயசு மூத்தவரு. நேருல அண்ணான்னுதான் கூப்புடுவேன், மரியாதையில ஒரு குண்டுமணி கொறைய விடமாட்டேன். எனக்கும் அவருக்கும் ஒரே நாளு இடுப்பு மாத்தற ஆபரேசன், பத்து மாசத்துக்கு முந்தி ஒரு வெசாழக்கெழமை, ஒரே டாக்டர், ஒரே தியேட்டர், காலையில அவரு, மத்தியானம் நான். எனக்கு வீசிங் தொந்தரவுக்கு மருந்துக்கடையில கேட்டு வாங்கித் தின்ன மாத்திரையே எமனாப் போச்சு, இடுப்புப் பந்துக்குப் போற ரத்தம் நின்னு எலும்பு செத்துப்போச்சுன்னாங்க. அவருக்கு வயசான தேய்மானம். ரெண்டையும் ஒரே நாளுல வெச்சது பூங்கொடிதான். அவருக்குச் சம்சாரம் தவறி நாலு வருசமாச்சு, ஒத்தைப் பொண்ணு திருப்பூர்ல கைக்கொழந்தையோட இருக்குது, பாக்க ஆளில்லை, ‘நான் ஒருத்தியே இருந்து ரெண்டு பேரையும் பாத்துக்கறனுங்க, அலைச்சல் கொறையுமுல்ல’ன்னா. நானும் சரின்னேன். வேற என்ன சொல்றது. ரெண்டு கட்டில் போட்ட ரூமு, நடுவுல ஒரு ஸ்டூலு. அஞ்சு நாளும் அந்த ஸ்டூலைப் பாக்கறதுதான் எனக்கு வேலை. தரையில ரெண்டடிக்கு ரெண்டடி டைல்ஸ், என்ற கட்டில்ல இருந்து ஸ்டூலுக்கு ஒண்ணரைக் கல்லு, அவரு கட்டில்ல இருந்து ஒரு கல்லு. அவரு மயக்க மருந்துக்கு வாந்தி எடுத்தாரு, அதனால கிட்டப் போட்டான்னு எனக்கே நான் சொல்லிக்கிட்டேன், எனக்கும் வாந்தி வந்தா நல்லா இருக்குமேன்னு வவுத்தைக் கலக்கிப் பாத்தேன், வரலை. மூணாம் நாளு ஆட்டுக்கால் சூப்பு, ரெண்டு பிளாஸ்க்கு. பச்சை மூடி எனக்கு, செவப்பு மூடி அவருக்கு. ஏன் ரெண்டுன்னு கேட்டேன். ‘மச்சானுக்கு மொளகு ஆகாதுங்க, சின்னதுல இருந்தே’ன்னா. சின்னதுல இருந்தே. எனக்கு எது ஆகாது, எது புடிக்கும், அதெல்லாம் அவ கட்டிக்கிட்டு வந்ததுக்கப்பறம் கத்துக்கிட்டது, அவருது மட்டும் கூடவே பொறந்தது.

முப்பது. பரவால்லை, நகந்துருச்சு. உள்ள இருந்து வந்தவரு வாக்கிங் ஸ்டிக்கை அக்குள்ல இடுக்கிக்கிட்டு நடந்து போறாரு, ஸ்டிக்கை ஊனாமயே நடக்கறாரு, பிடிச்சுருச்சு போல அவருக்கு, எலும்பு பிடிச்சுருச்சு. நடை பாத்தாலே எனக்கு இப்பத் தெரிஞ்சுரும், எவனுக்குப் பிடிச்சிருக்குது எவனுக்குப் பிடிக்கலைன்னு. வூட்டுக்கு அனுப்பறன்னைக்கு ஒரு சின்ன டாக்டரம்மா வந்து, கையில மாதிரி ஒண்ணு வெச்சுக்கிட்டு, பொறுமையாச் சொல்லுச்சு. உங்க எலும்பு கெட்டி எலும்புங்க, அதனால சிமென்ட் இல்லாம, துளையைக் கொஞ்சம் சின்னதா எடுத்து, தண்டை அடிச்சு எறக்கியிருக்கோம். ‘பிரஸ் பிட்டுங்களா’ன்னேன். டாக்டரம்மா சிரிச்சுது, அதேதாங்க, எங்க புஸ்தகத்துலயும் அந்தப் பேருதான்னுச்சு. எனக்கு அப்ப இருந்த பெருமையை என்னன்னு சொல்றது. பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவருக்கு எலும்பு பொரை மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்துச்சாம், அதனால சிமென்ட்டைப் பெசைஞ்சு உள்ள அப்பி அதுல தண்டைச் சொருவியிருக்கறாங்க, பாத்தீங்களா, ஒழுங்கான துளையும் ஒழுங்கான தண்டும் இருந்தா எவனாவது பசை போடுவானா, பசையெல்லாம் கைவேலை தெரியாதவனுக்கு. டாக்டரம்மா மேல சொல்லுச்சு. இந்த டைட்டானியத்துக்கு மேல்தோலு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பொத்தலு ஆயிரக்கணக்குல இருக்கும், உங்க எலும்போட அணுக்கள் மெதுவா அதுக்குள்ள ஊந்து போயி அங்கயே எலும்பா மாறும், அப்பறம் உங்க எலும்பு எது இரும்பு எதுன்னு பிரிக்க முடியாது. ஆனா ஒண்ணு, முதல் ஆறு வாரம் அந்தத் தண்டு ஆடக்கூடாது. நூத்தம்பது மைக்ரானுக்கு மேல ஆடினா எலும்பு உள்ள வராது, அதுக்குப் பதிலா உடம்பு சவ்வு மாதிரி ஒரு தோலைச் சுத்தி வளத்துரும், அன்னியப் பொருளு, இது நம்மளுது இல்லைன்னு. அதனால வாக்கரை வெச்சு, அந்தக் காலைத் தரையில தொட்டு மட்டும் வெக்கோணும், பாரம் குடுக்கக்கூடாது. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். நூத்தம்பது மைக்ரான்னா ஆறு தௌ. அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு தௌ, பட்டறையில எங்களுக்கு அதுதான் அளவு, சிகரெட் சுத்தற தாளு ஒண்ணோட கனம். ஆறு தாளு. ஆறு தௌ எனக்குப் பெரிய அளவு, ரெண்டு தௌவுக்கே வேலையைத் திருப்பி அனுப்பினவன் நான். ‘அவருக்குங்களா’ன்னு பூங்கொடி கேட்டா. சிமென்ட்டு பதினஞ்சு நிமிசத்துல கல்லாயிருமுங்க, அவரு இன்னைக்கே முழுப் பாரமும் போட்டு நடக்கலாமுன்னுச்சு. நல்லதாப் போச்சுங்கன்னா. அவ மொகத்துல அன்னைக்கு வந்த வெளிச்சத்தை நான் பாத்தேன்.

அவரைத் தோப்புக்கு அனுப்பலை. தனியாக் கெடப்பாருன்னு எங்க வூட்டுக்கு அடுத்த வீதியில, பூங்கொடியோட அண்ணன் வூட்டுல ஒரு மாசம் வெச்சுக்கிட்டாங்க. பத்தாம் நாளு காலையில பதினோரு மணி, நான் கட்டில்ல சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கறேன், வீதி முக்குல டொக்கு டொக்குன்னு சத்தம். கைத்தடி. அது வாசலுக்கு வந்து நிக்கறதுக்குள்ள பூங்கொடி அடுப்பை அணைச்சுட்டு முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டுப் போயிட்டா. ‘வாங் மச்சான், வெயில்ல ஏனுங்’. அடுத்த நாளும் பதினோரு மணி. அதுக்கு அடுத்த நாளும். மோரு, ஒரு நாளைக்கு எலுமிச்சைச் சாறு. உக்காருங்கண்ணான்னா, ‘தாழ்ந்த நாற்காலி ஆகாதுன்னாங்க தம்பி, நின்னுக்கறேன்’னு சொல்லி என்ற கட்டிலுக்கு எதுத்தாப்புல நிப்பாரு, வெள்ளை வேட்டியில, நெட்டக்குத்தலா. நிக்கறதுக்கே வந்த மாதிரி. மூணாவது வாரம் டொக்கு டொக்குச் சத்தம் இல்லை. செருப்புச் சத்தம் மட்டும் வருது. பூங்கொடி வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள பாத்துக் கூப்புடறா, ‘ஏனுங்க, இங்க பாருங்க, மச்சான் எப்படி நடக்கறாருன்னு பாருங்க’. நான் எப்படிப் பாக்கறது, கட்டில்ல இருந்து வீதி தெரியாது, அவ மொகம்தான் தெரியும், அதைத்தான் பாத்தேன். எங்க கல்யாணத்துல பந்தி பரிமாறும்போது அவளோட அத்தை ஒருத்தி, எனக்குக் கேக்கட்டும்னே சொன்னா, ‘ஜாதகம் மட்டும் பொருந்தியிருந்தா இந்தப் புள்ளை தோப்பு வூட்டுக்கல்ல போயிருக்கும்’னு. அந்த ‘மட்டும்’ எனக்கு முப்பத்தியொரு வருசமாத் தொண்டையில நிக்குது. பூங்கொடி அன்னைக்கு என்ன பண்ணினான்னா, ஒண்ணும் பண்ணலை, தலையைக் குனிஞ்சு எலையைப் பாத்தா. மறுத்தும் பேசலை, சிரிக்கவும் இல்லை. சிரிச்சிருந்தாக்கூட நான் மறந்திருப்பேன். உரிமைக்காரரு பக்கத்து எலையில உக்காந்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அவருக்கென்ன, அவரு எதுக்கும் அலட்டிக்க மாட்டாரு. அதுதான் எனக்கு அவருகிட்ட ஆகாதது. ஒரு நாளாச்சும் என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டிருந்தா எனக்கும் கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும்.

முப்பத்தி நாலு. பூங்கொடி இன்னம் ஜன்னல்கிட்டத்தான் நிக்கறா, முதுகைக் காட்டிக்கிட்டு, ஒரு கையால கம்பியைப் புடிச்சு. தலையாட்டறா. என்ன கேக்கறாரோ, எதுக்குத் தலையாட்டறாளோ. மாவு மில்லுக்கு அவ போற நேரம் எனக்கு மனப்பாடம், செவ்வாயும் வெள்ளியும் மூணு மணி, வர்றதுக்கு நாப்பது நிமிசம். நாலாவது வாரம் ஒரு செவ்வாக்கெழமை, கதவு சாத்தற சத்தம் கேட்டதும் எந்திரிச்சேன். வாக்கரைச் சுவத்தோரமாத் தள்ளி வெச்சேன். கட்டில்ல இருந்து கை கழுவற தொட்டி வரைக்கும் பதினாலு அடி, முழுப் பாரம், ரெண்டு காலும் சமமா. வேர்த்துக் கொட்டுது, ஆனா நடந்தேன், அவரு நடந்தாருன்னா நானும் நடப்பேன், அவரைவிட ஒம்போது வயசு சின்னவன், எலும்பு கெட்டி எலும்பு. வெள்ளிக்கெழமை போயிட்டுத் திரும்பியும் வந்தேன், இருபத்தெட்டு. அடுத்த வாரம் அவ குளிக்கற நேரம், அவ கடைக்குப் போற நேரம், எப்பெல்லாம் வூட்டுல ஆள் இல்லையோ அப்பெல்லாம். ஒரு நாளு பதினோரு மணிக்கு அவரு வரும்போது வாசல்ல போயி வாக்கர் இல்லாம நிக்கோணும், அவ மொகத்துல அதே வெளிச்சம் என்னைப் பாத்து வரோணும், அவ்வளவுதான் ஆசை. அஞ்சாவது வாரத்துல ஒரு நாளு தொட்டிகிட்டத் திரும்பினேன், அப்பத் தெரிஞ்சுது. சத்தமில்லை. வலியும் இல்லை முதல்ல. தொடைக்குள்ள, நடு எலும்புல, சின்னதா ஒரு வெளயாட்டு. பட்டறையில நாங்க அதைப் பிளேன்னு சொல்லுவோம், ஷாப்டைக் கையில புடிச்சு ஆட்டிப் பாத்தா பேரிங்குல பிளே இருக்கறது வெரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியாது, வெரலுக்குத் தெரியும். எனக்குத் தொடைக்குத் தெரிஞ்சுது. அப்பறம் எந்திரிச்சு நடக்கற முதல் மூணு அடிக்கு ஒரு வலி, நாலாவது அடியில போயிரும், இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். யாருகிட்டயும் சொல்லலை. எத்தனை வெவசாயிங்களை நான் வெரட்டியிருக்கறேன். பம்புக்குப் பவுண்டேசன் போல்ட்டு நட்டுக் கான்கிரீட் போட்டா ஏழு நாளு தண்ணி ஊத்தி விடோணும், அதுக்குள்ள மோட்டாரை ஓட்டினா போல்ட்டு ஆடி ஓட்டை பெருசாகி ஆயுசுக்கும் நிக்காது, தண்ணி பாக்கற அவசரத்துல மூணாம் நாளே சுவிட்சைப் போட்டவனெல்லாம் எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதுக்கு அளவே இல்லை. ஒருத்தரு மட்டும் ஏழு நாளும் காத்திருந்தாரு. பயிரு வாடுது, பக்கத்துக் கெணத்துல இருந்து கொடத்துல தண்ணி கொண்டாந்து தென்னம்புள்ளைக்கு ஊத்தறாரு, சுவிட்சைத் தொடலை. எட்டாம் நாளு எனக்குப் போன் பண்ணி, ‘தம்பி, இனி போடலாமுங்களா’ன்னாரு. அந்தப் பம்பு இருபத்திரெண்டு வருசமா ஓடுது. நாச்சிமுத்தோட தோப்புதான் அது.

முப்பத்தெட்டு. அவ வந்து உக்காந்துட்டா. ‘யாருங்க’ன்னேன், தெரியாதவனாட்டம். ‘மச்சான்தானுங்க, படம் எடுத்தாச்சான்னு கேட்டாரு’. வேற? ‘வேறொண்ணுமில்லீங்க, சும்மா’. இருபத்தஞ்சு நிமிசம். சும்மாவுக்கு இருபத்தஞ்சு நிமிசம். மூணாம் மாசப் படத்துலயே கோடு தெரிஞ்சுது, தண்டுக்கும் எலும்புக்கும் நடுவுல மையால வரைஞ்ச மாதிரி மெல்லிசா. டாக்டர் கண்ணாடியைத் தூக்கிப் பாத்துட்டுக் கேட்டாரு, ‘ஆறு வாரத்துக்குள்ள காலை ஊனலையே’. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள பூங்கொடி சொன்னா, ‘இல்லீங் டாக்டர், நான் ஊனவே விடலை, கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்டேன்’. அவ்வளவு பெருமையாச் சொன்னா. நான் சும்மா இருந்துட்டேன். அந்தச் சும்மா இருந்ததுதான் இன்னைக்கு வரைக்கும் வந்து நிக்குது. அப்ப டாக்டர் சொன்னாரு, சரி, பாக்கலாம், கோடு வளரலைன்னா ஒண்ணுமில்லை. வளந்துச்சுன்னா ரெண்டுல ஒண்ணு, ஆடியிருக்கோணும், இல்லாட்டி உள்ள கிருமி. ஆடினதுன்னா ஒரே ஆபரேசன், இதை எடுத்துட்டு வேற போட்டறலாம். ஊனவே இல்லைன்னா கிருமின்னுதான் நான் சந்தேகப்படோணும், ஊசி குத்தி நீரு எடுத்துப் பாக்கோணும், கிருமியா இருந்தா எல்லாத்தையும் கழட்டி, ரெண்டு மூணு மாசம் இடுப்பு இல்லாமப் படுக்கையில போட்டு, அப்பறம் இன்னொரு ஆபரேசன். அதனால பொய் சொன்னா எனக்கு ரெண்டு தடவை கத்தி விழுந்தாலும் விழும். மெய் சொன்னா, ஏன் நடந்தீங்கன்னு கேப்பாரு. அவ பக்கத்துல உக்காந்திருப்பா. என்னன்னு சொல்றது. உங்க மச்சானைப் பாத்துன்னு சொல்றதா, அம்பத்தெட்டு வயசுல, பேரன் எடுத்ததுக்கப்பறம்.

நாப்பத்தொண்ணு. டாக்டரம்மா அன்னைக்கு இன்னொண்ணும் சொல்லுச்சு, அவருக்குச் சொன்னதுதான், நான் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். பந்து உக்காந்திருக்கற பிளாஸ்டிக் கிண்ணம் வருசம் போகப் போகத் தேயும், கண்ணுக்குத் தெரியாத தூளு விழும், நம்ம ரத்தத்துல இருக்கற காவக்கார அணுக்கள் அந்தத் தூளைத் தின்னப் பாக்கும், தின்னும், செரிக்காது, செரிக்காத கோவத்துல பக்கத்துல இருக்கற எலும்பையே தின்ன ஆரம்பிச்சுரும், சிமென்ட்டும் லூஸாயிரும். அதைக் கேட்டன்னைக்கு ராத்திரி எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. வெக்கமில்லாமச் சொல்றேன், வந்துச்சு. தேயட்டும், தூளு விழட்டும், அவரு எலும்பை அவரு அணுவே திங்கட்டும்னு படுத்துக்கிட்டே நெனச்சேன். அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு, பதினஞ்சு இருவது வருசம் ஆகும்னுச்சே. அதுக்குள்ள மனுசன் எண்பத்தஞ்சைத் தொட்டுட்டு நடந்தபடியே போய்ச் சேந்துருவாரு. அந்தக் கிண்ணம் எனக்கும் இருக்குது, அதே பிளாஸ்டிக்குதான், அதை நெனைக்கவே இல்லை நான். என்ன உடம்பு இது. செரிக்காததைத் தின்னுட்டு நல்லா இருக்கற எலும்பைத் திங்குதாம். நாப்பத்திரெண்டு. பூங்கொடி ஸ்வெட்டரைப் பிரிச்சு என்ற தோள்ல போடறா. ‘கை ஜில்லுன்னு இருக்குதுங்க, பயந்துக்காதீங்க, பிடிச்சிருக்கும், நான் வேண்டிக்கிட்டிருக்கறேன்’. யாருக்கு யாருக்கு வேண்டிக்கிட்டாளோ.

எந்திரிச்சேன். மூணு அடி வலிச்சுது. நாலாவது அடியில கதவு. டாக்டர் படத்தை வெளக்குப் பொட்டியில மாட்டினாரு, நான் உக்காரறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். மையால வரைஞ்ச கோடு இல்லை இப்ப, பென்சில் கனத்துக்குக் கறுப்பு, தண்டைச் சுத்தி மேல இருந்து கீழ வரைக்கும். தண்டே கீழ எறங்கியிருக்குது. டாக்டர் அளவுகோலை வெச்சு, ‘நாலு மில்லிமீட்டர்’னாரு. நாலு மில்லிமீட்டர். ஆறு தௌவுக்குப் பயந்துட்டிருந்தேன், நூத்தம்பது தௌவுக்கு மேல எறங்கிக் கெடக்குது. ‘எலும்பு பிடிக்கலைங்க, சுத்தியும் சவ்வுதான் வளந்திருக்குது. ரத்தத்துல கிருமிக்கு அடையாளம் ஒண்ணும் தெரியலை, ஆனா அதை மட்டும் நம்ப முடியாது, ஊசி போட்டு நீரு எடுத்துப் பாத்தரலாம். நீங்கதான் காலை ஊனவே இல்லைங்கறீங்களே.’ பூங்கொடி முன்னால நகந்து உக்காந்தா, ‘இல்லீங் டாக்டர், ஒரு அடிகூட’ன்னு ஆரம்பிச்சா, நான் சொன்னேன், ‘நடந்தனுங்க’. டாக்டர் என்ற பக்கம் திரும்பினாரு. ‘எப்ப இருந்துங்க’. ‘நாலாவது வாரத்துல இருந்துங்க. வாக்கர் இல்லாம. முழுப் பாரம்.’ டாக்டர் கண்ணாடியைக் கழட்டி வெச்சாரு. ‘படிச்சுப் படிச்சுச் சொன்னோமேங்க. ஏன் நடந்தீங்க.’ வந்துருச்சு. இத்தனை மாசமா ஒத்திகை பாத்த பொய்யி பத்து இருந்துச்சு, பாத்ரூம் அவசரம், மறதி, தெம்பா இருந்துச்சு. அதையெல்லாம் விட்டுட்டு, ‘அவரு நடந்தாருங்க’ன்னேன். ‘எவரு’ன்னாரு டாக்டர். நான் தரையைப் பாத்தேன். இங்கயும் ரெண்டடிக்கு ரெண்டடி டைல்ஸ்தான். பூங்கொடி எவருன்னு கேக்கலை.

வெளிய வந்து அதே நாற்காலியில உக்காந்தோம். ஒரே ஆபரேசன், ஊசியும் ஒரு தடவை குத்திப் பாப்பாங்களாம், எதுக்கும் இருக்கட்டும்னு. அதுவரைக்கும் வாக்கர். பூங்கொடி கவரை என்ற மடியில இருந்து எடுத்துத் தன்ற மடியில வெச்சுக்கிட்டுச் சொன்னா, ‘நாந்தானுங்க மச்சானை வரச்சொன்னது. நீங்க சுவத்தைப் பாத்தே படுத்திருந்தீங்க, ஒரு வாய் சோறு ஒழுங்கா எறங்கலை, நடக்கற ஆளைக் கண்ணுல பாத்தா உங்களுக்கும் தெம்பு வருமுன்னு நெனச்சேன். அவரு வெயில்ல வர மாட்டேன்னாரு. கெஞ்சிக் கூப்புட்டேன்.’ எனக்காக. எனக்காகத்தான் அந்தப் பதினோரு மணி, அந்த மோரு, வாசல்ல இருந்து பாருங்க பாருங்கன்னு கூப்புட்டது. அந்த மனுசனுக்கும் வலி இருந்திருக்கும், எனக்குத் தெம்பு வரட்டும்னு வெயில்ல நடந்து வந்து நெட்டக்குத்தலா நின்னிருக்கறாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கலங்கிக்கிட்டிருக்கும்போதே உள்ள ஒண்ணு எட்டிப் பாக்குது, கெஞ்சினாளாமே, எப்படிக் கெஞ்சினா. எங்கிட்ட ஒரு நாளும் கெஞ்சினதில்லையே. சீ, சும்மா இருன்னு அதை அமுக்கினேன். அந்நேரம் பாத்து அவ போன் அடிக்குது. மச்சான். இந்தத் தடவை அவ ஜன்னலுக்குப் போகலை. என்னைப் பாத்தா, என்ற பக்கத்துலயே உக்காந்துக்கிட்டுப் போனை எடுத்தா. ‘சொல்லுங் மச்சான். பாத்தாச்சுங். நல்லா இருக்குதாமுங். எலும்பு நல்லாப் பிடிச்சிருக்குதுன்னு டாக்டரே சொன்னாருங். ஆமாங், ஒரு கோளாறும் இல்லைங். வாக்கரா, அது சும்மா ஒரு பாதுகாப்புக்குச் சொல்லியிருக்கறாருங். சரிங். வெக்கறனுங்.’ வெச்சுட்டு என்ற கையைப் புடிச்சா. ‘அவருக்கு எதுக்குங்க தெரியோணும், நம்ம விசயம்’னா.

நம்ம விசயம். முப்பத்தியொரு வருசத்துல முதல் தடவையா அவரை வெளிய நிறுத்திட்டு என்னை உள்ள வெச்சுக் கதவைச் சாத்தியிருக்கறா, எனக்காக ஒரு பொய்யி, அவருகிட்ட, அவருகிட்டப் போயி. நான் ஜெயிச்சுட்டேன். அந்தத் தோப்பு, அந்த வெள்ளை வேட்டி, அந்த ‘மட்டும்’, எல்லாத்தையும் ஜெயிச்சுட்டேன். ஒரு நாலு மூச்சு விடற நேரம் எனக்கு இடுப்பே வலிக்கலை. அவ கை சூடா இருந்துச்சு. எவ்வளவு சுளுவாச் சொன்னா. தடுமாறலை, எச்சில் முழுங்கலை, கண்ணு இப்படி அப்படிப் போகலை, டாக்டரே சொன்னாருன்னு ஒரு சாட்சியை வேற சேத்துக்கிட்டா. அந்தப் பக்கம் கேட்டவரு துளிகூடச் சந்தேகப்பட்டிருக்க மாட்டாரு. நானே உள்ள இருந்து படத்தைப் பாக்காம இருந்திருந்தா நம்பியிருப்பேன். இப்படிப் பொய் சொல்றது அவளுக்கு எப்பக் கை வந்துச்சு. ‘கெளம்பலாமுங்களா, வாக்கரைப் புடிங்க’ன்னா. புடிச்சேன். எந்திரிச்சேன். ‘போன்ல வேற என்ன சொன்னாரு, செத்த முன்னாடி ஜன்னல்கிட்டப் பேசும்போது’ன்னேன், சாதாரணமாக் கேக்கற மாதிரி. அவ தண்ணி பாட்டிலைப் பையில வெச்சுக்கிட்டே திரும்பிப் பாக்காமச் சொன்னா, ‘வேறொண்ணுமில்லீங்க, சும்மா’. காது குடுத்துக் கேட்டேன். மச்சானுக்குச் சொன்ன அதே குரலு. ஒரு தௌகூட வித்தியாசமில்லை.